0.5 என்னும் எல்லை: குறைமாதக் குழந்தையின் மூளை ரத்த ஓட்டமும் சாளர நீளமும்

குறைமாதக் குழந்தையின் ரத்த அழுத்தமும், நெற்றியில் ஒட்டிய நிர்ஸ் (அண்மை அகச்சிவப்பு ஒளி) உணரி காட்டும் மூளை ஆக்சிஜனும் சேர்ந்தே ஏறி இறங்கினால், மூளை தன் ரத்த ஓட்டத்தைத் தானே காத்துக்கொள்ளவில்லை, அதாவது தன்னொழுங்கு இல்லை என்று முடிவு கட்டுகிறோம். இந்தச் சேர்க்கையை அளக்கும் கோஹிரன்ஸ் 0.5-ஐத் தாண்டினால் தன்னொழுங்கு கெட்டது என்பது உடலியல் உண்மை போலவே கையாளப்படுகிறது. அந்த எல்லையைத் தீர்மானிப்பது குழந்தையின் உடல் மட்டுமல்ல, நாம் பதிவை வெட்டும் நேரச் சாளரமும்தான் என்பது என் வாதம்.

இந்த எண்ணின் செல்வாக்குக்குக் காரணம் 2000-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த கட்டுரை. 32 குழந்தைகளில் 17 பேரிடம் கோஹிரன்ஸ் 0.5-க்கு மேல், அவர்களில் 8 பேருக்குக் கடுமையான மூளைச் சேதம். மற்ற 15 பேரில் 2 பேருக்கு மட்டுமே. முன்னோடி வேலைதான். ஆனால் இந்த எண்களை இருபக்க ஃபிஷர் சோதனையில் போட்டால் வரும் p மதிப்பு சுமார் 0.06, ஒரு தலைமுறைக்கே எல்லை வகுக்க இது போதாது.

கட்டுரை நோக்கியது 0.01 ஹெர்ட்ஸுக்குக் கீழான அலைகளை. ஓர் அலை முடியவே 100 விநாடிக்கு மேலாகும். 20 நிமிடப் பதிவை 400 விநாடித் துண்டுகளாக வெட்டினால் மூன்றுதான் கிடைக்கும். தொடர்பே இல்லாத இரண்டு இரைச்சல்களை இப்படி மூன்று துண்டாக்கிக் கணக்கிட்டாலும் கோஹிரன்ஸ் சராசரியாக 0.33 வரும், 0.5-ஐத் தாண்டும் வாய்ப்பு 25%. இரண்டே துண்டென்றால் 50%. மூன்று துண்டுகளுக்கு 5% பிழை எல்லை 0.78-இல் விழுகிறது. 2007-இல் 90 குழந்தைகளை ஆராய்ந்த இன்னொரு குழு 0.77-ஐ வைத்துக்கொண்டது. அப்போதும் 87 பேரிடம் தன்னொழுங்கு கெட்ட நிலை தென்பட்டது. ஆனால் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். ஆக, நிகழ்வு மெய். குழந்தைக்கு நிரந்தர முத்திரை குத்துவதுதான் தவறு.

துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எடுக்கலாமே என்பார்கள். எண்ணிக்கை கூடும், தகவல் அந்த அளவுக்குக் கூடாது.

இன்னொன்று, வார்டில் நின்றால்தான் தெரியும். தொப்புள் தமனிக் குழாயில் செவிலியர் ரத்தம் எடுக்கத் திருகைத் திருப்பியதும் அழுத்தக் கோடு தட்டையாகிறது. வேகமாக இழுத்தால் மூளை ஆக்சிஜனும் சரிகிறது. இரண்டும் சேர்ந்தே அசைகின்றன, தன்னொழுங்கு நன்றாக இருந்தாலும்.

குறைபாடுள்ள எல்லையும் இல்லாததைவிட மேல் என்ற வாதம் நிற்காது. 1,601 குழந்தைகளைக் கொண்ட சேஃப்பூஸ்சி-3 ஆய்வில் மூளை ஆக்சிஜனைக் கண்காணித்துச் சிகிச்சை தந்தும், மரணமோ கடும் மூளைச் சேதமோ நேர்ந்தது 35.2%, வழக்கமான பராமரிப்பில் 34.0%. மேலைநாட்டு முடிவு இங்கே அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. பிறப்பின்போது மூச்சுத்திணறிய நிறைமாதக் குழந்தைகளைக் குளிர்விக்கும் முறை மேலைநாடுகளில் பலன் தந்தது. அதே முறை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடந்த ஹெலிக்ஸ் ஆய்வில் மரணத்தை 31%-லிருந்து 42%-ஆக உயர்த்தியது. சிகிச்சை வேறுதான். ஆனாலும் அங்கே சரிபார்த்ததை இங்கே மறுபடி சோதிக்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

சோதனை எளிது. ஒரு குழந்தையின் அழுத்தப் பதிவைச் சில மணி நேரம் தள்ளிவைத்து, அதே குழந்தையின் ஆக்சிஜன் பதிவோடு பலமுறை இணைத்தால் தற்செயல் கோஹிரன்ஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதன் 95-ஆம் சதமானமே அந்தக் குழந்தைக்கான எல்லை. ரத்தம் எடுத்த நிமிடங்களை நீக்கிவிட வேண்டும். நாகர்கோவில் பேருந்தில் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்குகிற குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் எஸ்.ஏ.டி. மருத்துவமனை, மறுபக்கம் பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. இந்த இரண்டும் கைகோத்து அந்தச் சோதனையைச் செய்து பார்க்கப் புதுக் கருவி வேண்டாம். இரண்டு பதிவுகளிலும் கடிகாரம் ஒன்றாக ஓடினால் போதும்.