பிரேசர் டவுன் ரசிகரின் நியாயமான கோபம்

1898-ம் ஆண்டில் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய், கண்டோன்மென்ட்டின் நெருக்கமான சந்துகளில் வாழ்ந்த ஏழை எளிய ஜனங்களை வாரிக்கொண்டு போன பிறகு, காற்றும் வெளிச்சமும் தாராளமாகப் புகும்படியான புதிய குடியிருப்புகளை அமைத்தாலன்றி இந்த நகரத்துக்கு விமோசனம் இல்லை என்று முனிசிபல் அதிகாரிகள் உணர்ந்தார்கள். அவ்வுணர்வின் பயனாக 1910-ல் உருப்பெற்று, மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் மிட்போர்டு பிரேசரின் பெயரைத் தாங்கியதே பிரேசர் டவுன். புலிகேசி நகர் என்ற பெயர் பிற்காலத்தில் அதற்குச் சூட்டப்பட்டதாயினும், மாஸ்க் ரோட்டிலும் கோல்ஸ் ரோட்டிலும் குடியிருப்பவர்களின் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. தமிழும் உருதுவும் ஆங்கிலமும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகிற அந்தப் பகுதியிலும், அதை அடுத்த காக்ஸ் டவுன், அல்சூர், சிவாஜிநகர் முதலிய இடங்களிலும், ஜாதி மத வித்தியாசமின்றி ஜனங்கள் தங்களுடையதென்று உரிமை பாராட்டிய பொதுச்சொத்து ஒன்று உண்டென்றால் அது கால்பந்தாட்டமே. அந்த ஆட்டத்தின் கீர்த்தியைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். அதன் ரசிகர்களுடைய கோபத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அந்தக் கோபத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது மரியாதையுடன் ஆராயத் தக்கது என்பது என் துணிபு.

1809-ல் கண்டோன்மென்ட் ஏற்பட்டபோது, மதராஸ் ராணுவத்தின் பின்னால் வந்து குடியேறிய சிப்பாய்களும் சமையற்காரர்களும் வியாபாரிகளும் கொத்தர்களும் பெரும்பாலும் தமிழர்கள். மதராஸ் ஸாப்பர்கள் என்று பெயர்பெற்ற படைப்பிரிவு 1834 முதல் பெங்களூரையே தலைமை இடமாகக் கொண்டது. வெள்ளைக்காரப் பட்டாளங்கள் மாலை வேளைகளில் மைதானங்களில் பந்து விளையாடியதை வேலியோரம் நின்று பார்த்த பிள்ளைகள், பூட்ஸ் வாங்க வகையின்றி, கணுக்காலில் துணிப்பட்டியை இறுகச் சுற்றிக்கொண்டு வெறுங்காலால் அதே ஆட்டத்தைப் பயின்றார்கள். வெயிலில் காய்ந்து இறுகிய செம்மண் தரையில் பூட்ஸ் கால் வழுக்கும் இடத்தில் வெறுங்கால் பற்றி நிற்கும். விரல்களால் பந்தைத் தொட்டு நிறுத்தி, எதிரி திகைக்கும் கணத்தில் திருப்பிவிடும் நயம் அந்த மண்ணே அவர்களுக்குப் போதித்த வித்தை.

அக்காலத்துப் போட்டிப் பந்தயங்களில், ஆட்டம் தொடங்கிய பிறகு ஒருவரை வெளியே அழைத்து வேறொருவரை இறக்கும் வழக்கம் கிடையாது. கோல் கீப்பர் ஒருவர், பேக் இருவர், ஹாஃப் மூவர், ஃபார்வர்டு ஐவர் என்று வகுக்கப்பட்ட பதினொருவர் மைதானத்தில் கால் வைத்தது வைத்ததுதான்; ஒருவருக்கு அடிபட்டால் பதின்மராக ஆடவேண்டுமேயன்றி வேறு கதி இல்லை. ஆகையால் அணியைத் தேர்ந்தெடுக்கும் காரியம் பாதிப் பந்தயத்துக்குச் சமானம். ரசிகர்களோ அந்தப் பிள்ளைகளைத் தெருவில் பந்து உதைத்த நாள் முதல் அறிந்தவர்கள். இன்னாருக்கு இடது கால் வாகு, இன்னார் மழையில் சோபிக்கமாட்டார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். எனவேதான், "அந்தப் பையனை உட்கார வச்சுட்டு இவனைப் போய் ரைட் அவுட்ல இறக்கிட்டாங்களே!" என்ற ஆதங்கம் அவர்கள் வாயிலிருந்து எழும்போது, அதை வெறும் ஆவேசம் என்று தள்ளிவிட முடியாது, அது நெருங்கிய பழக்கத்திலிருந்து பிறந்த அபிப்பிராயம்.

அந்த அபிப்பிராயத்துக்கு அகில இந்திய அளவில் ஓர் அங்கீகாரம் 1937-ல் கிடைத்தது. பம்பாயில் 1891 முதல் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை அதுவரையில் பிரிட்டிஷ் பட்டாளங்களே தங்களுக்குள் மாற்றி மாற்றி வென்று வந்தன. இந்த வழக்கத்தை முறித்த முதல் இந்திய அணி கல்கத்தாவிலிருந்து வரவில்லை. பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற கிளப்பே அந்தப் பெருமையைப் பெற்றது. கல்கத்தா லீக்கில் 1934 முதல் ஆண்டுதோறும் வாகை சூடிவந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கை இறுதிப் பந்தயத்தில் அது வீழ்த்தியது. அந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கின் பலத்துக்கே பெங்களூரிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ஆட்டக்காரர்கள் ஒரு காரணம் என்பதை நினைத்தால், அந்த வெற்றியின் ருசி எத்தகையது என்பது விளங்கும். மறு ஆண்டிலும் கோப்பை பெங்களூருக்கே வந்தது. 1948-ல் மூன்றாம் முறையாகவும் வந்தது.

இத்தனை கீர்த்திக்கு நடுவில் கோபத்துக்கு இடமேது என்று கேட்கலாம். துவக்கமே சறுக்கிவிடும் அணியைப் பார்த்துக் கொண்டிருப்பது எந்த நாட்டு ரசிகருக்கும் வேதனைதான். ஆனால் நீண்ட லீக் போட்டியில் ஆடுகிறவர்களுக்கு, ஆரம்பத்துத் தோல்விகளைத் திருத்திக்கொள்ள மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. தோற்றவர் வெளியேற வேண்டும் என்ற நியதியுள்ள போட்டியிலோ முதற் பந்தயமே கடைசிப் பந்தயமாகிவிடும். கண்டோன்மென்ட் மைதானங்களில் வளர்ந்த இரு மேதைகளின் உலகப் பிரசித்தி இந்த நியதிக்குள் அகப்பட்டுக்கொண்டது.

1948 ஜூலை 31 அன்று, லண்டனை அடுத்த இல்போர்டில், சுதந்திர இந்தியாவின் அணி ஒலிம்பிக் பந்தயத்தில் பிரான்சை எதிர்த்து இறங்கியது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலர்கள். ராமன், அகமது கான், தன்ராஜ், வரதராஜ், வஜ்ரவேலு, பஷீர் என்று மைசூரின் சார்பில் அந்தக் குழுவில் சென்றவர்களின் பெயர்களை வாசித்தாலே, அந்நாளில் பெங்களூரின் செல்வாக்கு எவ்வளவு என்பது புலனாகும். பிரான்சு முதலில் ஒரு கோல் போட்டது. இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி கிக்குகளும் வீணாயின. எழுபதாவது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் பந்தை வலைக்குள் செலுத்தி, ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல் என்ற அழியாத பதிவை உண்டாக்கினார். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் பிரான்சு மறுபடியும் கோல் போட, இந்தியா 1-2 என்ற கணக்கில் தோற்று, ஒரே பந்தயத்தோடு போட்டியிலிருந்து வெளியேற நேர்ந்தது. ஆட்டத்தில் மேம்பட்டு நின்ற அணி கணக்கில் தாழ்ந்து போன அந்த மாலைப்பொழுதைப் பற்றிய விவாதம், முதல் கோலை அடித்தவர் பெங்களூர்க்காரர் என்பதை இன்றைய பிள்ளைகள் மறந்துவிட்ட பிறகும், மூத்த ரசிகர்களிடையே ஓயவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஹெல்சிங்கியில் நடந்தது அதனினும் கொடியது. 1952 ஜூலை 15 அன்று யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று முறியடிக்கப்பட்டது. பெங்களூர்ச் செம்மண்ணில் வரப்பிரசாதமாக இருந்த வெறுங்கால், வடதேசத்துக் குளிர்ந்த புல்தரையில் பாரமாகிவிட்டது. அதன் பின்னரே இந்தியாவில் பூட்ஸ் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஒரே கோலை, தோல்வி முற்றாக உறுதியாகிவிட்ட 89-வது நிமிஷத்தில் போட்டவர் அகமது கான். ஆக, இந்தியா கலந்துகொண்ட முதல் இரண்டு ஒலிம்பிக் கால்பந்துப் போட்டிகளிலும் முதற் பந்தயத்திலேயே தோற்றது. அந்த இரண்டு தோல்விகளிலும் இந்தியாவின் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட கோல்கள் இரண்டும் பெங்களூர்க் கால்களிலிருந்து பிறந்தவை. இதைவிடக் கசப்பான பெருமை ஓர் ஊருக்கு வாய்ப்பது அரிது.

ஆயினும் ரசிகரின் ஆழ்ந்த வருத்தம் அயல்நாட்டுத் தோல்விகளைப் பற்றியதன்று. அகமது கானும் தன்ராஜும் அந்நாளில் ஆடியது கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்காக. அங்கே அவர்கள் இருவரும் இடம்பெற்ற ஃபார்வர்டு வரிசையைப் பஞ்ச பாண்டவர்கள் என்று வங்காளத்து ஜனங்கள் கொண்டாடினார்கள். 1949 முதல் 1951 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எப்.ஏ. ஷீல்டு அந்தக் கிளப்புக்குக் கிடைத்தது. பின்னர் அருமைநாயகம் மோகன் பகானுக்குப் போய், 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். உலகநாதனும் கல்கத்தா சென்று, 1970-ல் பாங்காக்கில் வெண்கலம் வென்ற அணியில் ஆடினார். உள்ளூர் அணி தோற்கும்போதெல்லாம் தேர்வாளர்களைக் கடிந்துகொண்ட ரசிகர் கண்ணில் பட்டவர்கள் மைதானத்தில் நின்ற பதினொருவரே. கையிலிருந்து நழுவி ஹௌரா ரயிலேறிப் போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால், தேர்வாளரின் குற்றம் பாதியாகக் குறைந்துவிடும். இருப்பவர்களில் தவறானவரை நிறுத்தினார்கள் என்பது சிறிய குறை; நிறுத்தத் தக்கவர் ஊரிலேயே தங்க வழி செய்யவில்லை என்பதே பெரிய குறை.

வழி செய்தால் என்ன விளையும் என்பதற்கும் சரித்திரம் சாட்சி கூறுகிறது. சந்தோஷ் கோப்பைக்கான தேசியப் போட்டியில் மைசூர் 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய நான்கு பருவங்களில் வெற்றி பெற்றது. நான்கு முறையும் இறுதிப் பந்தயத்தில் தோற்றது வங்காளமே. இந்துஸ்தான் ஏர்கிராப்ட், இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் முதலிய தொழிற்சாலைகளும் ஸாப்பர் படையும் கால்பந்து ஆடத் தெரிந்த ஏழை வாலிபர்களுக்கு உத்தியோகம் கொடுத்து, மாதச் சம்பளமும் மாலைநேரப் பயிற்சியும் அளித்த காலத்தில், வெளியூர் போகாமலே ஜீவனம் நடத்த அவர்களால் முடிந்தது. அத்தகைய உத்தியோகங்கள் அருகிப்போக, கோப்பையும் வராமற்போயிற்று. 54 ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச் 4 அன்று, சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என்று வென்றபோதுதான் கர்நாடகத்துக்கு அந்தக் கோப்பை மீண்டது.

அதே பருவத்தில், 2013-ல் தோன்றிய பெங்களூரு எப்.சி. கிளப், லீக்கின் முற்பகுதியில் தோல்விமேல் தோல்வி கண்டு ரசிகர்களின் ஏச்சுக்கு ஆளாகி, பிறகு எட்டுப் பந்தயங்களைத் தொடர்ச்சியாக வென்று இறுதிப் பந்தயம் வரை முன்னேறியது. "யாரை ஏன் இறக்குகிறார்கள்?" என்ற பழைய கேள்வி புதிய அரங்கத்திலும் அதே சூட்டுடன் எழுந்ததைக் கண்டவர்கள், கண்டோன்மென்ட்டின் மனோபாவம் மாறவில்லை என்று மகிழ்ந்திருப்பார்கள்.

ரசிகர் கோபிப்பது அவசியம். அணி எப்படி ஆடினாலும் கவலை இல்லை என்று ஓர் ஊர் இருக்குமானால் அங்கே ஆட்டமே இல்லை என்று பொருள். ஆனால் அந்தக் கோபம் சேரவேண்டிய இடத்தைச் சேர வேண்டும். அல்சூரை அடுத்த கௌதம்புராவில் பெலேக்குச் சிலை வைத்துக் கொண்டாடுகிற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆட மைதானம் வேண்டும். ஆடி முடித்த பின் உண்ண ஓர் உத்தியோகம் வேண்டும். பந்தய நாளில் தேர்வாளரைக் கேட்கும் கேள்வியை, மற்ற நாட்களில் மைதானத்தைப் பூட்டுகிறவர்களையும் வேலை கொடுக்க மறுக்கிறவர்களையும் பார்த்து அதே உரத்த குரலில் கேட்டால், பிரேசர் டவுன் ரசிகரின் கோபம் தன் அணிக்குத் தானே செய்யும் தொண்டாகும்.