வளர்ந்து தேய்ந்த ஒரு சொல்

ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், ஒரு மாணவி எழுதிய ‘வாக்ஸ்டு எலக்வன்ட்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, ‘எலக்வன்ட்லி’ என்று திருத்தினேன். வினைச்சொல்லுக்குப் பின்னால் வினையடைதானே வரவேண்டும் என்று நினைத்தேன். தவறு என்னுடையது.

இந்த ‘வாக்ஸ்’ மெழுகு அல்ல. வளர்தல் என்று பொருள்படும் பழைய ஆங்கில வினைச்சொல். ஜெர்மன் மொழியில் ‘வாக்ஸன்’ இன்றும் அதே பொருளில் புழங்குகிறது. ஆங்கிலத்தில் அது மெல்ல ‘ஆகுதல்’ என்ற பொருளையும் ஏற்றது. ஒருவர் என்னவாக ஆனார் என்று சொல்லப் பெயரடைதான் வேண்டும்; அது வினையை அல்ல, ஆளைப் பற்றியது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், வனாந்தரத்தில் நாற்பது ஆண்டு நடந்தும் ஆடை பழையதாகவில்லை என்னும் இடத்தில் ‘ஓல்டு’ என்ற பெயரடையோடு வருவது இந்தச் சொல்தான்.

பிறகு ‘குரோ’, ‘கெட்’, ‘டர்ன்’ வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. செடிகொடிக்கு உரியதாக இருந்த ‘குரோ’வுக்கு மனிதருக்கு வயதாவதையும் சொல்லும் வேலை கிடைத்தது. பால் கெட்டால் ‘கோ பேட்’, கிணறு வற்றினால் ‘ரன் டிரை’, உடம்புக்கு முடியாமல் போனால் ‘ஃபால் இல்’; எல்லாம் ஒரே அச்சு. ‘வாக்ஸ்’ இன்று வளர்பிறையிலும், ‘எலக்வன்ட்’, ‘லிரிக்கல்’ போன்ற சில துணைகளோடும்தான் மிஞ்சியிருக்கிறது.

ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகளின் நோட்டில் ‘லி’ சேர்க்குமுன் ஒரு நிமிடம் அகராதியைப் புரட்டிவிடுங்கள்.