கொல்லிமலை டாக்டரும் குழந்தையின் அழுகையும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. "மெக்கானிக்கல்காரன் சரித்திரக் கட்டுரை எழுதுறதா? நம்ம வாத்தியார்கள் பார்த்தா மயக்கம் போட்டுடுவாங்க" என்றேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். நான்கு வருடமாக மனசுக்குள் கிடக்கும் ஒரு சரித்திரத்தைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மூன்றாம் வருடம் நாம் கொல்லிமலைக்குப் போன டூர் ஞாபகம் இருக்கிறதா? 70 கொண்டை ஊசி வளைவு, பாதி வழியிலேயே வாந்தி எடுத்த நண்பன், ஆகாய கங்கைக்கு இறங்கும்போது இருந்த உற்சாகம், ஏறும்போது காணாமல் போன உற்சாகம்! சோளக்காட்டு டீக்கடையில் ஒரு பெரியவர், குதிரை மேல் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்த வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார. நாம் அன்னாசிப் பழத்துக்கு பேரம் பேசிக்கொண்டிருந்தோம். யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். இரண்டு பாதமும் உள்பக்கமாக வளைந்திருந்தன. வளைபாதம் என்பார்கள். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி இருக்குமாம். பாதத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வாரா வாரம் மாவுக்கட்டு மாற்ற வேண்டும். முதலில் போன இடத்தில் குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே அவள் வீறிட்டு அழுகிறாள், வெளியே பெஞ்சில் என் மனைவி. "குழந்தைன்னா அழத்தான் செய்யும் சார்" என்றார்கள். மூன்றாவது வாரம் வேறு டாக்டரிடம் போனோம். அவர் சொன்ன முதல் வார்த்தை: "அம்மா மடியிலேயே இருக்கட்டும். பால் குடுங்கம்மா, நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்க்கிறேன்." கட்டுப் போட்டு முடித்தபோது குழந்தை தூங்கியிருந்தாள்! நான் அதிசயப்பட்டதும் அவர் சிரித்தார். "இது புதுசு இல்ல சார். வேலூர்ல பிராண்ட் டாக்டர் அந்தக் காலத்துலயே செஞ்சது. உங்க பக்கத்துக்காரர்தான், கொல்லிமலையில பொறந்தவர்."

டீக்கடைப் பெரியவர் சொன்ன பாட்டியின் மகன்தான் அவர்.

ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் 1913-இல் கொல்லிமலையில் குடியேறிய ஆங்கிலேய மிஷனரிகள். ஜெஸ்ஸிக்குக் கட்டடத் தொழில் தெரியும், வைத்தியம் ஓரளவு படித்தவர். அப்போது மலைக்கு ரோடு ஏது? காய்ச்சலும் நரம்புச் சிலந்தியும்தான் தாராளம். தண்ணீர் வழியாக உடம்புக்குள் போய், தோலைத் துளைத்து வெளியே வரும் நீளமான புழு அது. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும், உள்ளே சீழ் பிடிக்கும். குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, பொறுமையாக எடுக்க வேண்டும். (இந்தியாவில் அந்த நோயே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2000-இல் சான்று தந்தது.) இந்த வைத்தியத்தைப் பார்த்து வளர்ந்த பையன்தான் 1914-இல் பிறந்த பால் பிராண்ட்.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டான். 1929-இல் தகப்பனார் மலைக்காய்ச்சலில் இறந்துபோனார். மகன் மறுபடி அவரைப் பார்க்கவே இல்லை. பால் முதலில் படித்தது வைத்தியம் அல்ல, நம்ம லைன்! சில ஆண்டுகள் கொத்து வேலை, தச்சு வேலை கற்றார். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்து, உலகப்போர் காலத்தில் சர்ஜன் ஆனார்.

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை பெயர்பெற்றது. அங்கே டெனிஸ் பிரௌன் என்ற பெரிய சர்ஜனிடம் வளைபாத வைத்தியம் கற்றார். முறை எளிது: பலமாக அழுத்தி நேராக்கு, பட்டையில் கட்டு. பாதம் நேராகும், சந்தேகமில்லை.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். இங்கே அவர் கண்ட காட்சி விசித்திரமானது. வைத்தியமே பார்க்காமல் வளர்ந்துவிட்டவர்கள் வளைந்த பாதத்தோடு வந்தார்கள். தொட்டுப் பார்த்தால் தசை மெத்தென்று இருந்தது, வளைந்து கொடுத்தது. லண்டனில் பலவந்தமாக நேராக்கிய பாதங்களோ பார்வைக்கு நேர், ஆனால் விறைப்பு. உள்ளே தழும்பேறிக் கிடந்தன. அப்படியானால் வைத்தியம் என்று நாம் கொடுத்தது என்ன, குணமா, காயமா? தன் குருநாதரின் முறையையே கேள்வி கேட்க அவர் தயங்கவில்லை.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் நாம் கம்பியை இழுத்து ஒடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எல்லை தாண்டினால் கம்பி பழைய நிலைக்குத் திரும்பாது. உயிருள்ள தசை அதைவிட நுட்பமானது. எல்லை தாண்டினால் உள்ளுக்குள் கிழியும், கிழிந்த இடம் தழும்பாகும், தழும்பு சுருங்கி இறுகும். எல்லைக்குள் மென்மையாக இழுத்து நிறுத்தி வைத்தால், தசை தானாகவே வளர்ந்து நீளும். சரி, அந்த எல்லை எங்கே இருக்கிறது? பச்சைக் குழந்தையின் காலில் எந்த மீட்டரை மாட்டுவது?

பிராண்ட் கண்டுபிடித்த மீட்டர், குழந்தையேதான். பசியோடு குழந்தையைக் கொண்டுவரச் சொல்வார். தாய் மடியில் வைத்துப் பால் கொடுப்பார். இவர் எதிரே உட்கார்ந்து பாதத்தை மெல்லத் திருப்புவார். கண் பாதத்தில் இல்லை, குழந்தையின் முகத்தில்! உறிஞ்சுவது நின்று, குழந்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தால் எல்லை வந்துவிட்டது. வாயை எடுத்து அழுதால் எல்லை தாண்டியாயிற்று. அழுகைக்கு ஒரு பொட்டு முன்னால் நிறுத்தி, அந்த நிலையில் மாவுக்கட்டுப் போடுவார். சில நாள் கழித்து மறுபடி கொஞ்சம். நரம்புச் சிலந்திக்குக் காட்டிய அதே பொறுமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தொழுநோயாளிகளின் மடங்கி இறுகிய விரல்களை நீட்டவும் இந்தப் பாடம்தான் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் அயோவாவில் இக்னேசியோ பொன்செட்டி என்ற டாக்டரும், அறுவை செய்த பாதங்கள் விறைத்துப்போவதைக் கண்டு மென்மையான முறைக்குத் திரும்பினார். 1963-இல் முடிவுகளை வெளியிட்டார். பல்லாண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இன்று உலகம் முழுக்க, என் மகளுக்கும், அந்த முறைதான்.

மேல்நாட்டு மருத்துவமனைகளில் அந்தக் காலத்தில் பெற்றோரை வார்டுக்குள் விடவே மாட்டார்கள், வாரம் ஒருமுறை பார்த்தால் பெரிது. 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். பிரிட்டனில் பிளாட் கமிட்டி அறிக்கை, பெற்றோரை விடுங்கள் என்று சொன்னது 1959-இல். வலி விஷயத்தில் இன்னும் தாமதம். பச்சைக் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, அரைகுறை மயக்கத்தோடு அறுவை செய்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த நம் நாட்டு டாக்டர் கே. ஜே. எஸ். ஆனந்த் 1987-இல் அதைப் பொய்யாக்கினார். வலி மருந்து சேர்த்துக் கொடுத்த குறைமாதக் குழந்தைகளுக்கு உடலின் அதிர்ச்சியும் குறைந்தது, சிக்கல்களும் குறைந்தன என்று காட்டினார். 2003-இல் பிரான்சில் 180 பச்சிளங் குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கும்போது சோதித்தார்கள். தாய் சும்மா தூக்கி வைத்திருந்தால் போதவில்லை. பால் குடித்த குழந்தைகளுக்கு வலி வெகுவாகக் குறைந்தது. வேலூரில் மடியில் நடந்தது அங்கே எண்களில் நிரூபணமானது!

பால் பிராண்ட் 1966 வரை இந்தியாவில் பணியாற்றினார், 2003-இல் அமெரிக்காவில் காலமானார். எவலின் பாட்டி 95 வயதில், 1974-இல் மறைந்தார். கொல்லிமலையிலேயே கணவர் பக்கத்தில் அடக்கம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் மருத்துவக் கருவிகள் செய்யப் போகிறீர்கள். சென்சாரும் மோட்டாரும் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதிரே இருக்கும் குழந்தையே ஒரு கருவி, அதன் அழுகை ஒரு அளவீடு என்பதை மறக்காதீர்கள். "குழந்தைன்னா அழத்தான் செய்யும்" என்று சொல்கிறவர், மீட்டரைப் பார்க்காமலே மிஷினை ஓட்டுகிறவர்.

போன மாதம்தான் என் மகள் ராத்திரி போடும் பூட்ஸைக் கழற்றி வைத்தோம். வீட்டுக்குள் ஒரே ஓட்டம். அடுத்த சந்திப்புக்கு எல்லோரும் கொல்லிமலை போகலாமா? இந்த முறை வாழவந்திப் பக்கமும் போய்வருவோம். அன்னாசி திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம்.

— 2011 அணி, இயந்திரவியல்