ஸ்குவிட்: நினைவகமும் பக்கமாற்றமும்

ஸ்குவிட், இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்து மறுபடி கேட்பவருக்கு உடனே தரும் இடைநிலைச் சேவையக மென்பொருள். அமெரிக்காவின் ஹார்வெஸ்ட் ஆய்வுத் திட்டத்திலிருந்து 1996-இல் பிரிந்து வளர்ந்தது.

சிறிய கணினியில் இதை நிறுவுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது ‘கேஷ்_மெம்’ என்ற அமைப்பில்தான். இயல்பாக 256 எம்பி என்றிருக்கும் இந்த எண், ஸ்குவிட் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் நினைவகத்துக்கான உச்சவரம்பு அல்ல. நினைவகத்தில் வைக்கும் இணையப் பக்கங்களுக்கு மட்டுமான ஒதுக்கீடு. வட்டில் கிடக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு குறிப்பு ராமில் இருந்தாக வேண்டும். 64-பிட் கணினியில் ஒரு ஜிபி வட்டுச் சேமிப்புக்குச் சுமார் 14 எம்பி என்பது ஸ்குவிட் குழுவே தரும் கணக்கு. ஆக, 100 ஜிபி ஒதுக்கினால் இந்தக் குறிப்புகளின் அட்டவணைக்கே 1,400 எம்பி போய்விடும். 2 ஜிபி ராம் உள்ள கணினி அங்கேயே திணறத் தொடங்கும்.

இடம் போதாதபோது லினக்ஸ், நினைவகத்தை 4 கேபி பக்கங்களாக வட்டின் ஸ்வாப் பகுதிக்குத் தள்ளுகிறது. ஸ்குவிட்டின் மையப் பணி ஒரே செயல்முறையில் ஓடுவதால், அட்டவணையின் ஒரு துண்டு வட்டிலிருந்து திரும்பும்வரை அத்தனை பயனர்களும் காத்திருக்க நேரும்.

‘ஃப்ரீ’ கட்டளையில் காலி நினைவகம் குறைவாகத் தெரிவதைக் கண்டு பதறுவது வீண். கோப்புத் தற்காலிகச் சேமிப்பை லினக்ஸ் தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையில் ஸ்வாப்பிலிருந்து திரும்புவதையும் ஸ்வாப்புக்குப் போவதையும் காட்டும் ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ பத்திகள் தொடர்ந்து பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால்தான் சிக்கல். அப்போது வட்டுச் சேமிப்பின் அளவைக் குறைப்பதே, ராம் வாங்குவதைவிட மலிவான வழி.