உள்ளங்கையில் ஒரு சரக்கு வண்டி

மேசைமீது ஓடும் பொம்மை இரயிலைக் கண்டு மகிழாத சிறுவர் இல்லை. அமெரிக்க நாட்டிலோ வயது முதிர்ந்தோரும் அதனை ஒரு கலையாகவே பயின்று வருகின்றனர். அவர்களுடைய தேசியச் சங்கம் 1935-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் தோன்றியது. அவர்கள் பெரிதும் கையாளும் அளவு, உண்மை வண்டியின் 87-இல் ஒரு பங்காகும். 40 அடி நீளமுள்ள கூண்டுச் சரக்கு வண்டி இவ்வளவில் ஏறத்தாழ ஐந்தரை அங்குலமாகிக் கையில் அடங்கிவிடும்.

வண்ணம் மங்கிய பழைய மாதிரி வண்டி ஒன்றைப் புதுப்பிக்க ஒருவர் விரும்புகிறார் என்று கொள்வோம். முதலில் எழ வேண்டிய வினா, எந்த வண்ணம் பூசுவது என்பதன்று. இது எந்த ஆண்டின் வண்டி என்பதே. வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு காலத்திற்கு உரியது. அவ்வுறுப்புகள் பலவற்றின் பின்னே மனித உயிர்களின் கதை மறைந்து கிடக்கிறது.

முதலில் இணைப்புக் கொக்கியைப் பாருங்கள். முற்காலத்தில் ஓர் இரும்பு வளையத்தாலும் ஓர் ஆணியாலுமே வண்டிகளைப் பிணைத்தனர். நெருங்கி வரும் இரு வண்டிகளுக்கு நடுவே தொழிலாளி நின்று, வளையத்தைக் கையால் வழிநடத்த வேண்டும். கணப்பொழுது பிசகினால் விரல் போகும். சில வேளை உயிரே போகும். இத்துயரைப் போக்கும் கொக்கியைக் கண்டவர் ஈலை ஜேன்னி என்பார். துணிக்கடையில் எழுத்தராயிருந்த அவர், மரத்தைச் சீவி மாதிரி செய்து பார்த்தார். 1873-இல் காப்புரிமையும் பெற்றார். மடக்கிய விரல்கள் ஒன்றையொன்று பற்றுவது போல, வண்டிகள் முட்டியதும் அக்கொக்கிகள் தாமே பூட்டிக்கொண்டன. உயிர் காத்த அக்கருவியும் முதலில் ஒரு சிறு மாதிரியாகவே பிறந்தது என்பது எண்ணத்தக்கது.

இனி, கூரைமேல் ஓடும் நடைபலகையைப் பாருங்கள். காற்றுத் தடை பரவுவதற்கு முன், ஓடும் வண்டியின் கூரைகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிச் சென்று, கைச்சக்கரத்தைத் திருகியே தொடரை நிறுத்தினர். மழையிலும் பனியிலும் அப்பலகையில் வழுக்கி வீழ்ந்தோர் பலர். அயோவா மாநிலத்து உழவர் லாரன்ஸோ காஃபின் இக்கொடுமைகளைக் கண்டு மனம் பொறாராய், பல்லாண்டுகள் ஊர் ஊராகச் சென்று வாதாடினார். அதன் பயனாக 1893-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். தானியங்கும் கொக்கியும் காற்றுத் தடையும் மட்டுமல்ல, தொழிலாளி பற்றிக்கொள்ளும் கைப்பிடிக் கம்பியும் அச்சட்டத்தால் கட்டாயமாயிற்று. காலம் செல்லச் செல்லக் கூரைமேல் ஏறும் தேவை குறைந்தது. 1966 முதல் புதிய கூண்டு வண்டிகள் நடைபலகையின்றியே வரலாயின. உயரத்திலிருந்த கைச்சக்கரமும் கீழே இறங்கியது.

இப்பொழுது மேசைக்குத் திரும்புவோம். மலிவான மாதிரிகளில் கைப்பிடிகள் சுவரோடு ஒட்டிய வெறும் வரம்புகளாகவே இருக்கும். கைவல்லார் அவற்றைச் சீவி எறிந்து, நுண்துளையிட்டு, மெல்லிய கம்பியை வளைத்துச் செருகுவர். 1970-க்குப் பின் கட்டிய வண்டியாகக் காட்ட விரும்பினால் நடைபலகையை நீக்கித் துளைகளை அடைப்பர். பிறகே வண்ணம். ஆணித் தலைகள் மறையாதபடி மெல்லிய பூச்சுகளாக, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாக இடுவர். பழைய வண்டிகளுக்குப் பெரிதும் உரியது காவிச் சிவப்பு. இரும்புத் துருவின் இனமான அச்சாயம் விலை மலிந்தது, அழுக்கையும் மறைப்பது. இறுதியில் நிறுவனக் குறியும் எண்ணும் கட்டிய ஆண்டும் எழுத்துக்களாக ஏறும்.

அவ்வாண்டும் உறுப்புகளும் ஒத்திருத்தல் வேண்டும். புதிதாய்க் கட்டிய வண்டி என 1975-ஐப் பொறித்துக் கூரையில் நடைபலகையையும் வைத்தால், வண்ணம் எத்துணை அழகாயினும் அது பொய்ச்சாட்சியே.

மாணவர்களே! வரலாறு ஏடுகளில் மட்டும் இல்லை. அந்த மயிரிழைக் கம்பியைப் பொருத்தும்பொழுது, அதன் முழுவடிவைப் பற்றி உயிர் பிழைத்த கைகளையும், பற்றுவதற்கு ஒன்றுமின்றி வீழ்ந்த கைகளையும் எண்ணிப் பாருங்கள். அவ்வாறு எண்ணுவோர்க்குப் பொம்மை இரயிலும் ஒரு நல்லாசிரியனே.