கலியாணம் சொல்லுதல்: ஊர் திரும்புதலும் வராதவர்களும்

யாழ்ப்பாணத்தில் கலியாணம் ‘சொல்லுவது’ என்றுதான் வழக்கம். வீட்டுக்கு வீடு நேரிற் சென்று சொல்லவேண்டும். கார்ட் மட்டும் கொடுத்தனுப்பினால் சொன்னதாகாது. சொல்லாத வீட்டார் வரவும் மாட்டார்கள். என் அக்காவின் மகளின் கலியாணம் 2002 ஆவணியில் நடந்தது. அக்கா அதை எனக்குத் தொலைபேசியில்தான் சொன்னா. 1984இல் வெளியேறிய நான் 18 வருடங்களின் பின் ஊருக்குப் போனது அந்தக் கலியாணத்துக்குத்தான். இப்போது அந்தப் பெண்ணின் மகளுக்கு லண்டனில் சம்பந்தம் முற்றாகியிருக்கிறது. யார் யாருக்குச் சொல்லுவது என்று பட்டியல் போடும் இவ்வேளையில் சில விடயங்களை எழுதிவைக்க வேண்டுமெனத் தோன்றுகிறது.

ஊர்க் கலியாணத்துக்குப் போய்வந்த கதையை நம்மிற் பலர் எழுதியிருக்கிறோம். கிணற்றடி, கோயில் வீதி, செத்துப்போன பெரியவர்கள் என்று அது ஒரு ஏக்கமாக முடிந்துவிடுகிறது. ஆனால், ஒரு மனிதன் தன் சகோதரியின் பிள்ளையின் கலியாணத்துக்குப் போகலாமா இல்லையா என்பதை இத்தனை காலமும் யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பது குறைவு. இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

முதலில் நாம் வந்து சேர்ந்த நாட்டைப் பார்ப்போம். 1985 மே மாதம் பிரித்தானிய அரசு இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடுகளில் இவ்வாறு விசா விதிக்கப்பட்ட முதல் நாடு இலங்கையே. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர்கள் தம் உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். உரிய பத்திரமில்லாமல் ஆட்களை ஏற்றிவரும் விமான நிறுவனங்களைத் தண்டிக்கும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. இவற்றையெல்லாம் தாண்டி அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி நீலநிறப் பயணப் பத்திரம் கிடைத்தது. அதைக் கொண்டு போகமுடியாத நாடு இலங்கை. ஒருவர் தன் நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மீண்டும் நாடினால் அவரது அகதி நிலை முடிவுக்கு வரலாம் என்பது அவ்வுடன்படிக்கையின் முதலாம் உறுப்புரையிலேயே உள்ளது. எனவே தங்கச்சியின் கலியாணத்துக்குப் போவதே ‘இவருக்கு அங்கே ஆபத்தில்லை’ என்பதற்குச் சாட்சியாகிவிடக்கூடும்.

இதனால் கலியாணங்கள் இடம்பெயர்ந்தன. பெண் யாழ்ப்பாணத்திலிருந்தும் மாப்பிள்ளை லண்டனிலிருந்தும் புறப்பட்டுச் சென்னையிலோ திருச்சியிலோ சிங்கப்பூரிலோ சந்தித்துத் தாலி கட்டிக்கொண்டார்கள். கட்டிய பின்னும், இக்கலியாணத்தின் முதன்மை நோக்கம் பிரித்தானியாவில் குடியேறுவதல்ல என்று நிரூபிக்கவேண்டியிருந்தது. அவ்விதி 1997 யூனில்தான் நீக்கப்பட்டது. ஊரில் நடந்த கலியாணங்களோ வீடியோ கொப்பிகளாக எம்மிடம் வந்தன. ஈஸ்ற்ஹாமிலும் ரூட்டிங்கிலும் ஒரு கொப்பியைப் பத்து வீட்டார் மாறி மாறிப் பார்த்தோம்.

மறுபுறத்தில் ஊரின் வாசலும் அடைக்கப்பட்டிருந்தது. 1990 யூனில் யாழ்தேவி நின்றது. கண்டி வீதி மூடப்பட்டது. வெளியே போக விரும்புவோர் விடுதலைப் புலிகளிடம் ‘பாஸ்’ எடுக்கவேண்டும்; திரும்பி வருவதற்கு ஆள்பிணை வைக்கவேண்டும். மணப்பெண்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்திற் கடந்தார்கள். அக்கடலில் 1993 யனவரியில் பயணிகளைக் கடற்படை வெட்டியும் சுட்டும் கொன்றது. ஆக, ஒரு கலியாண வீட்டுக்குப் போவதற்குக் கொழும்பு அரசு, இயக்கம், பிரித்தானிய அரசு என மூன்று அதிகாரங்களின் அனுமதி தேவைப்பட்டது. இவற்றில் ஒன்றை மட்டும் குற்றஞ்சாட்டி எழுதுவது நமக்கு இலகுவாக இருந்துவந்திருக்கிறது.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியது. ஏப்ரல் 8இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. அந்தக் கோடையில் லண்டனிலிருந்து பெருந்தொகையானோர் போனார்கள். ஓமந்தையில் இறங்கிப் பொருட்களுக்கு வரி கட்டி, முகமாலையில் மீண்டும் இறங்கி வரிசையில் நின்றோம். போகமுடிந்தவர்கள் பெரும்பாலும் பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்தவர்கள். வழக்கு முடியாதவர்கள் அப்போதும் வீடியோதான் பார்த்தார்கள்.

கலியாணம் சிறப்பாகவே நடந்தது. பொன்னுருக்கல், கன்னிக்கால், கூறை, மணவறை, ஒன்றும் குறையவில்லை. சீதனமும் குறையவில்லை. அதில் ஒரு பகுதி நான் லண்டனில் உழைத்த காசு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாலி கட்டுவதற்கு முதல்நாள், அக்காவின் கலியாணத்துக்குச் சட்டை தைத்தவர் எங்கே என்று கேட்டேன். அவர் சோனகத்தெருவைச் சேர்ந்தவர். எங்கள் வீட்டுப் பெண்களின் கலியாணச் சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவை. 1983இல் அக்காவின் கலியாணத்துக்கு அவருடைய வீட்டுக்கு அப்பு நேரே போய்ச் சொன்னார், அவரும் வந்தார். என் கேள்விக்கு ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. ‘அவையள் போட்டினம்’ என்றா அக்கா.

‘போட்டினம்’ என்ற அந்தச் சொல்லில் ஒரு பெரும் பொய் இருக்கிறது. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களைக் கூட்டி, இரண்டு மணி நேரத்துள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். நகையையும் காசையும் பறித்துக்கொண்டே அனுப்பினார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அந்த மாதத்தில் விரட்டப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டவர்கள். புத்தளத்து முகாம்களில் அவர்களுடைய பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, அங்கேயே கலியாணமும் செய்தார்கள். நான் போயிருந்தபோது சோனகத்தெருவில் கூரையில்லாத வீடுகளுக்குள் மரங்கள் வளர்ந்திருந்தன.

இங்கே நண்பர்கள் ஒரு மறுப்பைச் சொல்வார்கள். 1995இல் அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துத் தமிழர்களும் இலட்சக்கணக்கில் செம்மணியையும் நாவற்குழியையும் தாண்டித் தென்மராட்சிக்குப் போகவில்லையா, அவர்களும் எல்லாவற்றையும் இழக்கவில்லையா என்பார்கள். உண்மைதான். அக்கா கைக்குழந்தையோடு மழையில் நடந்தவ. ஆனால் அடுத்த வருடமே வலிகாமத்தாரிற் பெரும்பான்மையினர் வீடு திரும்பினார்கள். அயலார் அவர்களை எதிர்பார்த்தார்கள். திரும்பியவர்களின் வீட்டுக் கலியாணங்களை ஊர் கேட்டது. முஸ்லிம்களின் மீள்வருகை பற்றி 2002 ஏப்ரல் 13இல் கிளிநொச்சியில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் உடன்படிக்கை செய்தார்கள். அதன் பிறகும், அவர்களிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று எங்கள் கலியாண வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதற்கு எந்த இயக்கத்தின் பாசும் தேவைப்பட்டிருக்காது.

பின்னர் நடந்தவை எல்லோரும் அறிந்தவை. 2006 ஓகஸ்ட் 11இல் ஏ-9 மீண்டும் மூடப்பட்டது. 2009இல் முள்ளிவாய்க்காலோடு போர் முடிந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது; அதே மாதத்தில்தான் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடையோர் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெறவேண்டும் என்ற விதியும் மீண்டும் வந்து, 2015 தொடக்கத்தில் நீங்கியது. 2019இலிருந்து பலாலி சர்வதேச விமான நிலையம். சோனகத்தெருவில் சில குடும்பங்கள் திரும்பியிருக்கின்றன, பலர் திரும்பவில்லை. காணிப் பிரச்சினை, வாக்காளர் பதிவு, புத்தளத்திலேயே வேரூன்றிவிட்ட இரண்டாம் தலைமுறை எனப் பல காரணங்கள் உண்டு. வாருங்கள் என்று அயலார் சொல்லாததையும் இக்காரணங்களோடு சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதே என் கருத்து.

திரும்பிப் போகும் உரிமை என்று ஜெனீவாவிலும் லண்டன் மண்டபங்களிலும் நாம் பேசுகிறோம். அந்த உரிமையை நம் ஊரைவிட்டு நாமே துரத்தக் கண்டும் வாய்திறவாமல் இருந்தவர்களுக்கும் சேர்த்துக் கேட்கிறோமா? இல்லையென்றால் நாம் கேட்பது உரிமையல்ல, நமக்கு மட்டுமான சலுகை.

லண்டன் கலியாணத்துக்கு 400 பேர் கொண்ட பட்டியல் தயாராகியிருக்கிறது. தையற்காரர் இப்போது உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. அவருடைய பிள்ளைகள் புத்தளத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, விலாசத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் லண்டனுக்கு வரப்போவதில்லை; விசாவும் கிடைக்காது. ஆனாலும் அந்த வீட்டுக்குக் கார்ட் அனுப்புவதோடு நில்லாமல், நேரிற் போய்ச் சொல்லவேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமலிருந்தா. பிறகு, ‘போறதெண்டால் நானும் வாறன்’ என்றா.