குழாய் எர்த்திங்

வீட்டிலுள்ள உலோகத் தண்ணீர்க் குழாய்களை மின் எர்த்தோடு செம்புக் கம்பியால் இணைத்தல். கீசரிலோ மோட்டாரிலோ கசியும் மின்சாரம் குழாயில் ஏறினாலும், குழாய்க்கும் அருகிலுள்ள மற்ற உலோகப் பாகங்களுக்கும் இடையே ஆபத்தான மின்னழுத்த வேறுபாடு எழாமல் தடுப்பது இதன் வேலை. குழாயையே எர்த்தாகப் பயன்படுத்துவது வேறு. இரண்டையும் ஒன்றென நினைப்போர் அதிகம்.

பெங்களூருக்கு 1890களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. 1905இல் சிவசமுத்திர நீர்மின் நிலையத்தின் மின்சாரம் அங்கே தெருவிளக்குகளை ஏற்றியது. அப்படி மண்ணில் நெடுந்தூரம் புதைந்த இரும்புக் குழாய் இயல்பாகவே நல்ல எர்த். அமெரிக்க விதிகள் நிலத்தடி உலோகக் குழாயை இன்றும் எர்த் மின்முனையாகச் சேர்க்கச் சொல்கின்றன. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 3043 பொதுக் குடிநீர்க் குழாயை அவ்வாறு பயன்படுத்த அனுமதிப்பதில்லை. குழாயை எர்த்தோடு இணைக்கும் பிணைப்பை மட்டும் கேட்கிறது. முதன்மைப் பிணைப்புச் செம்புக் கம்பி 6 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது.

குழாயையே எர்த்தாக நம்பக் கூடாததன் காரணம் எளிது. பெங்களூரின் சிவாஜிநகர் போன்ற பழைய தண்டு (கன்டோன்மென்ட்) பகுதிகளில், ரசல் மார்க்கெட்டைச் சுற்றிய நெருக்கமான சந்துகளில், பழுதான ஜி.ஐ. குழாயை வெட்டி நடுவே ஒரு முழம் பி.வி.சி. செருகினால் போதும், மண்ணோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். தண்ணீர் வழக்கம்போல் வரும். அதனால் யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு வீட்டுக் கசிவு, அதே குழாயைப் பகிரும் மாடிவீட்டுக் குழாயில் ஷாக்காக வெளிப்படலாம். குழாய்கள் முழுதும் பிளாஸ்டிக்காக மாறிய வீட்டில் பிணைக்க உலோகக் குழாய் எதுவுமில்லை. கீசருக்குத் தனி எர்த் கம்பியும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் அங்கும் தேவை.